பம்ப் ஹவுஸ் கொக்கி

நான் வேலைக்கு வந்தபோது லாமெக் ஏற்கெனவே கிணற்றுக்குள் இறங்கியிருந்தான். மெயின் சுவிட்சின் கைப்பிடிக்கு மேலே இருக்கிற கொக்கியில் அவன் கொடி தொங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் துணி, அதில் தைத்த தகரத்தில் அவன் எண். பார்த்ததும் ஒரு காலி எண்ணெய் டின்னை இழுத்துச் சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொடி தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான், சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேறு எவன் கை அதில் பட்டாலும் அந்தக் கையோடு அவன் வீட்டுக்குப் போக மாட்டான். கசாலு ரயில்வே யார்டில் வேகனுக்கு அடியில் படுத்துப் படுத்து நாங்கள் பழகியது இது. ரயில்வே எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது பாதிப் பேர் நகராட்சித் தண்ணீர் வேலைக்கு வந்தோம். வரும்போது கொண்டுவந்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

லாமெக்கின் அண்ணன் டிஸ்மாஸ் இதே கிணற்றில்தான் செத்தான். மழை தொடங்கிய புதிதில் ஆற்றிலிருந்து ஆகாயத்தாமரை வேர் வந்து உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. டிஸ்மாஸ் வேரைப் பிடுங்க இறங்கினான். கை குழாய்க்குள் இருக்கும்போது பம்பு ஓட ஆரம்பித்தது. நாங்கள் வேலிக்கு அப்பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது சுவிட்ச் பக்கத்தில் எஞ்சினியர் சியாமே நின்றிருந்தார். கொக்கியில் கொடி இல்லை. நான் சுவிட்சை நிறுத்தினேன். தண்ணீருக்கு அடியில் குழாய் அவனைப் பிடித்து வைத்திருந்தது. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்து எடுத்தோம்.

டிஸ்மாஸ் கொடி போடாமலே இறங்கினான் என்று நகராட்சி முடிவு சொல்லிவிட்டது. குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று சொல்லியிருந்தால்கூட நாங்கள் பொறுத்திருப்போம். கொடி போடாமல் இறங்குகிறவன் தன் உயிரோடு மட்டும் விளையாடியவன் இல்லை, கூட வேலை செய்கிறவன் மனசாட்சியோடும் விளையாடியவன். அப்படி ஒரு பெயர் டிஸ்மாஸுக்கு. அவன் மனைவி, முசொண்டாவின் அம்மா, பனா முசொண்டா என்று கூப்பிடுவோம், சந்தையில் வெங்காயம் விற்கிறவள். அன்றிலிருந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். நாங்களும் அவள் கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம். அதுதான் உண்மை.

இப்போது மறுபடி குழாய் அடைத்திருந்தது. மேட்டுத் தெருக்களில் குழாய்கள் காற்றைக் கக்கின. சனங்கள் கால்வாயில் மொண்டார்கள். காலரா வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். இந்த நேரத்தில்தான் லாமெக் இறங்கினான். வேரைப் பிடுங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஏணியோடு தன்னைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பெரிய ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றான். நான் கிணற்று வாயில் குனிந்து என்னடா இது என்று கேட்டதற்கு மேலே பார்க்காமலே சொன்னான்.

"என் அண்ணன் கொடி மாட்டினான்னு மேயர் வந்து இங்க நின்னு சொல்லட்டும் மாமா. சொன்னா வேரையும் பிடுங்கறேன், ஏறியும் வர்றேன். இல்லைன்னா ரெண்டும் இல்ல."

ஊரெல்லாம் தண்ணியில்லாமல் சாகுதே என்றேன். சாகட்டும் என்று அவன் சொல்லவில்லை. ஸ்பேனரை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அதுதான் பயமாக இருந்தது.

மேயர் என்றால் எவரிஸ்தோ கபேண்டே. லாமெக் வேறு யாரையும் கேட்காமல் அவனைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கொடியை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

அவனும் நானும் யார்டில் ஒரே கோஷ்டி. வேகனுக்கு அடியில் பிரேக் பார்க்கிற வேலை. அந்தக் காலத்தில் கொடி கிடையாது. கீழே ஆள் இருக்கிறானா என்று ஒரு சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான். ஃபினியாஸ் என்று ஒருவனுக்குக் காது மந்தம். சத்தம் கேட்கவில்லை. வேகன் நகர்ந்துவிட்டது. அடுத்த நாள் எவரிஸ்தோ எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் படுத்தான். பார்க்கப் போன நாங்களும் ஒவ்வொருவராகப் படுத்தோம். செம்புச் சுரங்கத்துக்குப் போகிற பாதை அடைபட்டது. போலீஸ் அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போனபோது தலை ஒவ்வொரு கட்டையிலும் இடித்தது. சிறையிலிருந்து வந்தபோது வாயின் ஒரு பக்கத்தில் இரண்டு பல் இல்லை. கொடிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சங்கத்துக்குக் கிளைச் செயலாளர் ஆனான். அப்புறம் கவுன்சிலர். கவுன்சிலர்கள் கூடி மேயராக்கியபோது யார்டு முழுக்கச் சோளக் கள் ஓடியது. மேயர் பதவிக்கு அடையாளமான அந்தப் பெரிய மஞ்சள் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலில் வந்தது எங்கள் குடியிருப்புக்குத்தான். அவன் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. பெண்டாட்டி பிள்ளை முன்னால் திட்டலாம், தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகலாம், சாவு வீட்டில்கூடக் கிண்டல் பண்ணலாம். வாங்குகிறவன் கோபப்படக் கூடாது, பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அவர்களைக் குரங்கு தின்னி என்போம், எங்களை எலி தின்னி என்பார்கள். அன்றைக்கு நான், குரங்கு தின்னிக்குக் கழுத்தில் சங்கிலி போட்டுத் தெருவில் கூட்டிவருகிறார்களே, கடிக்குமா என்று கேட்டேன். எலி தின்னிகளை மட்டும் கடிக்கும் என்று சொல்லி என் காதைக் கடிக்க வந்தான்.

அப்படிப்பட்டவன் டிஸ்மாஸின் அடக்கத்தில் வாயே திறக்கவில்லை. டிஸ்மாஸும் பெம்பாதான். அதனால் முறைப்படி குழியருகே கிண்டல் பண்ண வேண்டியவன் நான். குழிக்குள் குதித்து நின்றுகொண்டு, இது சின்னதாக இருக்கிறது, பாஷி மும்பாவின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தோண்டியிருந்தால் நாளைக்கு இன்னொன்று தோண்ட வேண்டாமே என்றேன். எவரிஸ்தோவின் மூத்த மகள் பெயர் மும்பா, அதனால் அவன் பாஷி மும்பா, மும்பாவின் அப்பா. சனங்கள் அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் எனக்குப் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். இவனிடம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

ஒன்பது மணி வாக்கில் போலீஸ் வண்டி வந்தது. கூடவே சியாமே. பின்னால் ஊர் திரண்டு வாளியும் குடமுமாக வேலியோரம் நின்றது. இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். மாவட்டக் கமிஷனர் உத்தரவு, உச்சிவேளைக்குள் பம்பு ஓட வேண்டும், கீழே இருக்கிறவனை ஏறச் சொல்லுங்கள் என்றார். அவன் ஏற மாட்டான் என்றேன். இரண்டு போலீஸ்காரர்கள் ஏணியில் இறங்கிப் பார்த்தார்கள். முதல் ஆளின் பூட்ஸில் ஸ்பேனர் அடி விழுந்தது. திரும்பி ஏறிவந்தவன் அதற்கப்புறம் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே மலைப் பக்கம் மழை. மதகு பழசு, ஆறு ஏறினால் கிணறும் ஏறும். லாமெக்கின் இடுப்பில் இருந்தது விலாவுக்கு வந்தது.

சியாமே இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குக் கேட்டது. பாதி அடைப்போடும் பம்பு கொஞ்சம் இழுக்கும், பையன் ஏணிப் பக்கம் நிற்கிறான், குழாய் எதிர்ப்பக்கம், ஒன்றும் ஆகாது. டிஸ்மாஸுக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தீர்களா சார் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கைபேசியைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் டின்னிலிருந்து எழுந்திருங்கள் என்றார். எழுந்தேன். ஆனால் நகரவில்லை. முதுகைச் சுவிட்சுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். லாமெக்கின் தகரம் என் பிடரியில் குத்தியது.

அப்போதுதான் மேயரின் கார் வந்தது.

கறுப்புக் கோட்டு, கழுத்தில் சங்கிலி. மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறான் போல, கண் சிவந்திருந்தது. வேலியோரம் நின்ற பெண்கள் வாளியைத் தட்டினார்கள். அவன் அவர்களைப் பார்க்காமல் உள்ளே வந்தான். கொக்கியைப் பார்த்தான். அப்புறம் கிணற்று வாயில் போய் நின்று, லாமெக், மேலே வா, உட்கார்ந்து பேசலாம், விசாரணையைத் திரும்ப நடத்த ஏற்பாடு பண்ணுகிறேன் என்றான். கூட்டங்களில் பேசுகிற குரல். கிணறு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

கீழேயிருந்து லாமெக்கின் குரல் வந்தது. "விசாரணை வேணாம் பெரியப்பா. மாட்டினானா, மாட்டலையா?"

எவரிஸ்தோ திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மறுபடி ஷூவைப் பார்த்தான். அடக்கத்தன்று பார்த்த அதே பார்வை.

எனக்குப் புரிந்துவிட்டது. முழுதாக இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. இவனிடம் நியாயம் பேசினால் நியாயமாகவே பதில் சொல்லித் தப்பிப்பான். முப்பது வருஷம் முதலாளிகளோடு பேசிப் பழகிய வாய். அழுதால் கூடவே அழுவான். அவனால் தப்ப முடியாதது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

நேராகப் போய் அவன் முன்னால் நின்றேன். "என்ன பாஷி மும்பா, குரங்குக்கு இன்னைக்கும் பேச்சு வரலையா? சங்கிலி தொண்டையை இறுக்குதோ?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் சங்கிலியைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றினேன். கனமாக இருந்தது. ஒரு போலீஸ்காரன் என் தோளைப் பிடித்தான்.

"விடுங்க," என்றான் எவரிஸ்தோ. "கேலி முறை. நடுவுல வராதீங்க."

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. இப்போது சங்கிலியைத் திருப்பிக் கொடுக்க நான் கோழி கேட்பேன், கள் கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள். நான் சுவிட்சுக்குத் திரும்பி நடந்து, லாமெக்கின் கொடிக்குப் பக்கத்தில் கொக்கியில் சங்கிலியை மாட்டினேன். தகரத்தில் அது மோதிச் சத்தம் எழுப்பியது.

"தொங்குது பாரு," என்றேன். "தொங்குதுன்னா ஆள் கீழ இருக்கணும். நீ ஏன் இன்னும் மேல நிக்கிறே?"

சிரிப்பு நின்றுவிட்டது.

எவரிஸ்தோ என்னை நோக்கி வந்தான். கோபப்பட முடியாது. கேலி முறையில் கோபப்பட்டவனை அவன் கூட்டமே மதிக்காது. ஆனால் சங்கிலியை எடுத்துக்கொள்ளலாம், கிழட்டு எலி, நாளைக்கு உனக்கு ஒரு கோழி என்று சொல்லிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாம். முறை அதற்கும் இடம் கொடுக்கிறது. எடுக்கத்தான் கை நீட்டினான். எடுத்தும்விட்டான். சங்கிலி அவன் கையில் தொங்கியது. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அவன் அதை எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தான்.

"அடுத்தவன் மாட்டிவிட்டது கொடி ஆகாது மசேகோ," என்றான் என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நாமதானே இதை எழுதி வாங்கினோம்."

தன் கையாலேயே சங்கிலியைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான். கோட்டைக் கழற்றி டின் மேல் வைத்தான். ஷூவைக் கழற்றினான். சியாமே ஓடிவந்து, ஐயா, நீங்கள் இறங்கக் கூடாது, கமிஷனர் லைனில் இருக்கிறார் என்றார். எவரிஸ்தோ அவரைப் பார்த்த பார்வையில் அவர் நின்றுவிட்டார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒன்றாகத் திருடிய இரண்டு பேரில் ஒருவன் இன்னொருவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஏணியில் அவன் வயிறு இடித்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குரங்கு தின்னிக்கு ஏறி இறங்குவது மறந்து போச்சா என்றேன்.

"பொந்துக்குள்ள இறங்குற வேலைக்கு எலி தின்னியைத்தான் அனுப்பணும்," என்றான் உள்ளேயிருந்து. "என்ன செய்ய, உங்க கூட்டத்துல எலி தீந்துபோச்சே."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் பதில் சொல்லிவிட்டான். இனி அவன் பேசுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே சமயம், கீழே ஸ்பேனரோடு நிற்பவனின் நினைப்பும் வந்தது.

கிணற்று வாயில் மண்டியிட்டேன். எவரிஸ்தோ லாமெக்குக்கு மேலே இரண்டு படியில் நின்றான். அப்புறம் அவனைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி எதிரே நின்றான். தண்ணீர் இருவருக்கும் மார்பு வரை. அந்தக் கிணறு நல்ல கிணறு. முணுமுணுத்தாலும் மேலே கேட்கும். இன்ஸ்பெக்டரும் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உன் அண்ணன் கொடி மாட்டினான்," என்றான் எவரிஸ்தோ.

லாமெக் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில தண்ணி இல்ல. நான் சியாமேக்கு போன் பண்ணேன். பம்பைப் போடுன்னேன். கொடி தொங்குதே சார்னாரு. அவரு பயந்தாரு. அவருக்கு நம்ம வேலை தெரியாது, அதனால பயந்தாரு. நான் மணி பாத்தேன். தேநீர் நேரம். யார்டுல தேநீருக்குப் போறவன் பாதி நாள் கொடியை மறந்துட்டுப் போவான். நான் மறந்திருக்கேன். மசேகோ மறந்திருக்கான். எல்லாரும் வேலிக்கு வெளிய நிக்கிறாங்களான்னு கேட்டேன். நிக்கிறாங்கன்னாரு. அப்ப அது மறந்த கொடிதான், எடுத்துட்டுப் போடுன்னேன்."

கிணறு அந்தக் குரலை வேலியோரம்வரை கொண்டுபோயிருந்தது. அவன் சொன்னது சரிதான். யார்டில் வேலை பார்த்திராத எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். சிவப்பைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பான். எங்கள் சோம்பலை எங்களில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" என்றான் லாமெக்.

"பயம்."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான்டா. வேற யாருக்கு நான் பயந்திருக்கேன்."

லாமெக்கின் கை தண்ணீருக்கு மேலே வந்தது. ஸ்பேனர் அதில் இருந்தது. எவரிஸ்தோ கையைத் தூக்கி மறைத்துக்கொள்ளவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. தண்டவாளத்தில் படுத்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதுவும் அதுதான். அதே முகம்தான் போனில் எடுத்துட்டுப் போடு என்று சொல்லியிருக்கும்.

என் பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார், தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சரி ஐயா, சரி ஐயா என்றார். என்னிடம் திரும்பி, இப்பவே ஓட்டச் சொல்கிறார் என்றார். மேயர் உள்ளே இருக்கிறாரே என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னேன், காதில் வாங்கவில்லை என்றார். அவர் சுவிட்ச் பக்கம் பார்த்தார். சியாமேயும் பார்த்தார். நான் எழுந்து ஒதுங்கி நின்று கைகாட்டினேன். "எடுங்க. உங்க கையால எடுத்துட்டுப் போடுங்க. யாரு எடுக்கறீங்க?"

யாரும் எடுக்கவில்லை. சியாமே சுவரோரம் குந்தி உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

கீழே லாமெக் ஸ்பேனரை ஏணிப் படியில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல், உடைந்த குரல். "வேரைப் பிடுங்குங்க. எங்க அண்ணன் கை வெச்ச இடத்துல நீங்க கை வைங்க. நான் பிடிச்சுக்கறேன்."

எவரிஸ்தோ முங்கினான். லாமெக் ஏணியோடு கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துவிட்டு அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்திருக்கிறானா, அமுக்குகிறானா என்று மேலேயிருந்து தெரியவில்லை. நான் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒரு கட்டு வேர் கறுப்பாக மிதந்து வந்தது. தலை வந்தது, மூச்சு வாங்கியது, மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் தலை வர நேரமானது. ஒவ்வொரு தடவையும் லாமெக்தான் தூக்கினான். கடைசியில் குழாய் வாய் திறந்துவிட்டது என்று எவரிஸ்தோவே சொன்னான்.

லாமெக் முதலில் ஏறினான். கொக்கிக்கு வந்து தன் கொடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான். அங்கே வாளியோடு பனா முசொண்டா நின்றிருந்தாள். அவள் வந்திருந்ததே எங்களுக்குத் தெரியாது. அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே கேட்டிருந்தாள்.

எவரிஸ்தோ ஏறிவர நேரமானது. கை கீறி ரத்தம் வடிந்தது. சுவிட்சுக்கு வந்து நின்றான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கிலி இருக்கிறவரை பம்பு ஓடாது. அதை அவனைத் தவிர வேறு யாரும் எடுக்கவும் முடியாது. ஈரக் கையால் எடுத்தான். கழுத்துக்குக் கொண்டுபோகவில்லை. இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"கமிஷனர்கிட்ட குடுத்துடுங்க. எங்கிட்ட என்ன கேக்கணுமோ சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன். இப்ப ஒரு வீட்டுக்குப் போகணும்."

இன்ஸ்பெக்டர் தயங்கி வாங்கிக்கொண்டார். எவரிஸ்தோ ஷூ போடாமல் வெளியே நடந்தான். பனா முசொண்டா அவன் வருவதைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு திரும்பித் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். வேகமாகவும் இல்லை, அவனுக்காக நிற்கவும் இல்லை. அவன் கொஞ்சம் பின்னால் போனான். கதவைத் திறந்தாளா என்று நான் பார்க்கவில்லை.

போடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். கொக்கி காலியாகத்தான் இருந்தது. கிணற்று வாய்க்குப் போய்க் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து கொக்கியைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன்.